கார்ட் வாங்குமுன் படம் பிறக்கிற இடத்தைப் பாரும்

மருதனார்மடம்

அன்பின் தம்பிக்கு,

கேம் விளையாடுவதைப் பதிவுசெய்து யூடியூபில் நேரலையும் போட எந்தக் கப்சர் கார்ட் நல்லது என்று கேட்டிருக்கிறீர். கடையில் கேட்டால் "எவ்வளவுக்குள்ள பாக்கிறியள்?" என்றுதான் தொடங்குவார்கள். அதற்கு மறுமொழி சொல்லுமுன், நீர் விளையாடுகிற கேம் எந்தப் பெட்டியில் ஓடுகிறது என்பதைச் சொல்லும். உம்முடைய கணினியிலேயே ஓடுகிறது என்றால் கார்ட் தேவையில்லை. அந்தக் காசை வேறு எதற்காவது வைத்திரும். கப்சர் கார்ட் செய்கிற வேலை ஒன்றே ஒன்று. வேறொரு கருவி எச்டிஎம்ஐ வயரால் வெளியே விடுகிற படத்தையும் ஒலியையும் கணினிக்குள் கொண்டுவருவது. கேம் கணினியிலேயே ஓடும்போது படம் ஏற்கெனவே கிராபிக்ஸ் கார்டின் நினைவகத்தில் இருக்கிறது. ஓபிஎஸ் என்ற இலவச மென்பொருள் அதை அங்கிருந்தே எடுத்துக்கொள்ளும். வெளியே விட்டுத் திரும்ப உள்ளே எடுத்தால் படத்தின் தரம் கூடப்போவதில்லை, குறைவதற்குத்தான் இடமுண்டு.

"அப்படியென்றால் வெளிநாட்டு ஸ்ட்ரீமர்கள் இரண்டு கணினி வைத்து, நடுவில் கார்ட் போடுகிறார்களே, ஒரே கணினியில் இரண்டு வேலையும் செய்தால் கேம் இழுபடாதா?" என்று நீர் கேட்பீர். நியாயமான கேள்வி. படத்தை இணையத்துக்கு அனுப்புமுன் சுருக்க வேண்டும். அந்தச் சுருக்கும் வேலையை முன்பு புரொசசர்தான் செய்தது. கேமும் அதே புரொசசரைத்தான் கேட்டது. இரண்டாவது கணினி வந்தது அதனால்தான். ஆனால் 2011இல் இன்டெல் தன் புரொசசர்களுக்குள் குவிக் சிங்க் என்ற தனிச் சுற்றை வைத்தது. 2012இல் என்விடியா கிராபிக்ஸ் கார்டுகளில் என்வென்க் என்ற அதேபோன்ற சுற்று வந்தது. 2018இல் வந்த ரியூறிங் தலைமுறையிலே அதன் படத்தரம் நன்றாகத் தேறிவிட்டது. (அதே தலைமுறை என்று விற்கப்பட்ட ஜிடிஎக்ஸ் 1650இன் முதல் வெளியீட்டில் மட்டும் முந்திய சுருக்கும் சுற்றையே வைத்தார்கள். பாவித்த கிராபிக்ஸ் கார்ட் வாங்கும்போது இது நினைவில் இருக்கட்டும்.) சுருக்குவதற்கென்றே தனிச் சுற்று இருப்பதால் கேமுக்கு விழுகிற பாரம் சிறிது. முற்றாக இல்லை என்று சொல்லமாட்டேன்: கேம் கிராபிக்ஸ் கார்டை நூறு வீதமும் பிழிந்தெடுத்தால் ஓபிஎஸ் திக்கும். அதற்கு மருந்து கேமின் அமைப்பிலே பிரேம் வேகத்தை 60க்கு மட்டுப்படுத்துவது. காசு செலவில்லை.

கார்ட் தேவைப்படுவது படம் வெளியே பிறக்கிறபோதுதான். பிளேஸ்டேஷன், நின்டெண்டோ ஸ்விட்ச் போன்ற கேம் பெட்டிகள் அப்படி. பிஎஸ்4, பிஎஸ்5 இரண்டிலும் கார்ட் இல்லாமலே நேரலை போடும் வசதி உண்டு என்று யாராவது சொன்னால் அது உண்மை. ஆனால் அதிலே படத்தின் அமைப்பை உம் விருப்பத்துக்கு மாற்ற முடியாது. கேம் தயாரித்தவர்கள் தடுத்து வைத்த காட்சி வந்தால் பதிவு நின்றுவிடும். முதல் ஸ்விட்சோ ஒரு தடவைக்கு 30 செக்கன் வீடியோதான் பிடிக்கும். ஆகவே இங்கே கார்டுக்கு வேலை இருக்கிறது. வாங்கிப் பூட்டியதும் திரை கறுப்பாக இருந்தால் கார்ட் பழுது என்று திருப்பிக் கொடுக்க ஓடாதேயும். பிளேஸ்டேஷனில் எச்டிசிபி என்ற நகல் தடுப்புப் பூட்டு இருக்கிறது. பிஎஸ்4இல் 2014ஆம் ஆண்டின் 1.70 மென்பொருளிலிருந்து அதை அமைப்புகளுக்குள் போய் நிறுத்தலாம். பிஎஸ்3இல் எச்டிஎம்ஐ வழியில் அதை நிறுத்த இடமில்லை. போனில் விளையாடுகிறவருக்கு நிலைமை வேறு: மலிவான அண்ட்ரொயிட் போன்கள் பலவற்றின் சார்ஜ் துவாரத்தால் எச்டிஎம்ஐ படம் வெளியே வராது, கார்ட் வாங்கியும் பயனில்லை. போனிலேயே இருக்கிற திரைப்பதிவு போதும்.

இனி எந்தக் கார்ட் என்பதற்கு வருகிறேன். பெட்டியில் பெரிதாக 4கே என்று அச்சிட்டிருக்கும். அது உள்ளே ஏற்கிற அளவா, ரிவிக்குக் கடத்துகிற அளவா, கணினிக்குக் கொடுக்கிற அளவா என்று பாரும். மூன்றும் வெவ்வேறு. எல்கற்றோவின் எச்டி60 எக்ஸ் ரிவிக்கு 4கே படத்தைச் செக்கனுக்கு 60 பிரேமில் கடத்தும். ஆனால் 4கேயில் பதிவாவது 30 பிரேம்தான். நல்ல பெயருள்ள கார்டிலேயே இப்படியென்றால், சில ஆயிரம் ரூபாய்க்கு விற்கிற விரலளவு கார்டுகளைக் கேட்கவும் வேண்டுமா? அவற்றில் பலவற்றுக்குள்ளே இருப்பது எம்எஸ்2109 என்ற சிப். 4கேயை உள்ளே ஏற்கும். வெளியே விடுவது 1080பி, செக்கனுக்கு 30 பிரேம். காரணம் கணக்கில் இருக்கிறது. 1920க்கு 1080 புள்ளி, புள்ளிக்கு 16 பிட், செக்கனுக்கு 60 பிரேம் என்றால் ஏறக்குறைய 2 கிகாபிட். யூஎஸ்பி 2.0இன் உச்ச வேகம் 480 மெகாபிட், அதில் கால்வாசியும் இல்லை. அதனால் ஒவ்வொரு பிரேமையும் ஜேபெக் போட்டோவாக நசுக்கித்தான் (எம்ஜேபெக் வடிவம்) அனுப்புகிறது. சிவப்பு எழுத்துகளின் ஓரத்தைக் கிட்டப் பார்த்தால் அந்த நசுக்கல் தெரியும், நிறம் எழுத்தைத் தாண்டி வழிந்திருக்கும். யூஎஸ்பி 3.0 என்றால் 5 கிகாபிட். நசுக்காமலே அனுப்ப இடமுண்டு. செருகியின் உள்ளே நீலப் பிளாஸ்ரிக் இருப்பதை 3.0இன் அடையாளமாக நம்பாதேயும், 2.0 கார்டுகளுக்கும் நீலம் பூசி விற்கிறார்கள்.

"எதற்கும் பிறகு உதவும், 4கேயே வாங்கிவிடலாம்" என்ற எண்ணம் உமக்கு வரும். பதிவு செய்து வைத்துப் பிறகு வெட்டி ஒட்டுகிறவருக்கு அதில் ஓரளவு நியாயம் உண்டு. நேரலைக்கு இல்லை. ஊற்றுக் குறைந்த கிணற்றில் மூன்று இஞ்சி மோட்டர் பூட்டினால் தோட்டத்துக்குத் தண்ணீர் கூடாது, காற்றைத்தான் இழுக்கும். உமது ஊற்று, இணைப்பின் மேலேற்றும் வேகம். கேம் நேரலைக்கான ட்விச் தளம் சொல்லும் வழமையான உச்சமே செக்கனுக்கு 6000 கிலோபிட். அதற்கு மணித்தியாலம் ஒன்றுக்கு 2.7 கிகாபைட் டேட்டா போகும். பைபர் இணைப்பு உள்ள வீட்டில் இது பெரிய காரியமல்ல. 4ஜி ரவுட்டரில் பின்னேரம் ஆறு மணிக்குப் பிறகு அயலெல்லாம் இணையத்தில் இருக்கும்போது வேகம் விழும். பகலில் அளந்த வேகத்தை நம்பாமல், நேரலை போடப்போகிற நேரத்திலேயே சில நாட்கள் அளந்து, ஆகக்குறைந்த அளவின் பாதியைக் கணக்கில் எடும். அது 3 மெகாபிட் என்றால் 720பி தெளிவாகப் போகும். அதற்கு 4கே கார்ட் எதற்கு?

பதிவைப் பற்றி ஒன்று. எம்பி4 கோப்பு வழமையாகத் தன் அட்டவணையைக் கடைசியில்தான் எழுதும். நடுவிலே மின்சாரம் போனால் முழுப் பதிவும் திறக்காது. 2025 பெப்ரவரி 9 அன்று பாணந்துறை உபமின்நிலையத்தில் ஒரு குரங்கு புகுந்து நாடு முழுக்க இருண்ட கதை உமக்குத் தெரியும். இந்த நாட்டில் இருந்து பதிவு செய்கிறவர் ஓபிஎஸ்ஸில் எம்கேவி வடிவத்தைத் தெரிவு செய்வதே புத்தி. அறுந்த இடம்வரை மிஞ்சும், பிறகு எம்பி4ஆக மாற்றலாம்.

இவ்வளவும் சொன்ன பிறகு, நான் மலிவுக் கார்டுக்கு எதிரி என்று நினைக்கவேண்டாம். அசைவு குறைந்த படத்துக்கு அது போதும். கோயில் திருவிழாவையும் கலியாணத்தையும் கனடாவிலும் லண்டனிலும் இருக்கிற உறவுகளுக்கு நேரலையாகக் காட்டுகிற நம்மூர் வீடியோக்காரருக்குக் கமராவைக் கணினியோடு இணைக்கக் கார்ட் வேண்டும். இங்கே மருதனார்மடத்தில் இசையும் நடனமும் படிக்கிற பிள்ளைகள் இருக்கிறார்கள். ஒரு வீணைக் கச்சேரியைக் கமராவால் எடுக்க 30 பிரேம் தாராளம். கமராத் திரையில் தெரிகிற குறிகள் எச்டிஎம்ஐயில் வராதபடி நிறுத்த முடிகிறதா என்று மட்டும் பார்க்கவேண்டும். ஆனால் ஒலியை அந்தக் கார்டுக்குள்ளால் எடுக்கவேண்டாம். எம்எஸ்2109 இரட்டை ஒலியை ஒற்றை ஒலி என்று கணினிக்குப் பிழையாக அறிவிக்கிற சிப். ஓடிப் பாய்ந்து சுடுகிற கேமுக்கு 30 பிரேம் போதாது. நீர் கேம் பெட்டி வைத்திருந்தால், உண்மையான யூஎஸ்பி 3.0உம் 1080பி 60 பிரேமும், ரிவிக்கு நேரே போகிற இரண்டாவது எச்டிஎம்ஐ துவாரமும் உள்ள கார்டை வாங்கும். அந்தத் துவாரம் ஆடம்பரம் அல்ல: கணினித் திரையில் படம் பிந்தி வரும், அதைப் பார்த்து விளையாட முடியாது.

கடைக்குப் போகும்போது ஓபிஎஸ் போட்ட மடிக்கணினியைக் கொண்டுபோம். கார்டைச் செருகி, வீடியோ வடிவப் பட்டியலைத் திறந்து, 1080பிக்கு நேரே எம்ஜேபெக் அல்லாத வடிவத்தில் 60 பிரேம் இருக்கிறதா என்று பாரும். இருந்தால் மட்டும் காசைக் கொடும்.

அன்புடன்,
அண்ணன்