டாங்கியைத் தேடிச் செல்லும் ஏவுகணை

தடித்த கவசம் பூண்ட டாங்கியை எதிர்த்து நிற்பது காலாட்படை வீரருக்கு எக்காலத்தும் கடினமான பணியாகும். இப்பணிக்கென உருவானவையே வழிகாட்டப்படும் டாங்கி எதிர்ப்பு ஏவுகணைகள். ஏவிய பின் அவற்றுக்கு வழிகாட்டும் பொறுப்பு எவரிடம் உள்ளது என்பதைக் கொண்டு அவை மூன்று தலைமுறைகளாகப் பகுக்கப்படுகின்றன.

மூன்று தலைமுறைகள்

முதல் தலைமுறையில் வீரரே ஏவுகணையைக் கண்ணால் தொடர்ந்து, கைப்பிடியை அசைத்து, இலக்கு வரை செலுத்தினார். அவரது ஆணைகள் மெல்லிய கம்பியின் வழியே சென்றன. 1973ஆம் ஆண்டு அக்டோபர்ப் போரில் எகிப்தியப் படையினர் பயன்படுத்திய சோவியத் 'மால்யுட்கா' இவ்வகையைச் சேர்ந்தது. அது 3 கிலோமீட்டர் தொலைவைக் கடக்க ஏறத்தாழ 25 விநாடிகள் ஆகும். அந்நேரம் முழுவதும் வீரர் எதிரியின் குண்டுகளுக்கு நடுவே கை நடுங்காமல் இருத்தல் வேண்டும்.

இரண்டாம் தலைமுறையில் குறிநோக்கியை இலக்கின் மீது வைத்திருந்தாலே போதும். திசைத் திருத்தங்களைக் கருவியே அனுப்பும். 'மிலான்' இதற்கு எடுத்துக்காட்டு. 1970இல் நிறுவப்பெற்ற ஹைதராபாத் பாரத் டைனமிக்ஸ் நிறுவனம் இதனை வெளிநாட்டு உரிமம் பெற்று உற்பத்தி செய்தது. எனினும் ஏவுகணை தாக்கும் வரை வீரர் இடம் பெயர இயலாது.

மூன்றாம் தலைமுறை ஏவுகணை, ஏவப்பட்டபின் தானே இலக்கைத் தொடர்கிறது. வீரர் உடனே மறைவிடம் செல்லலாம்.

நாக் ஏவுகணை

1983இல் டாக்டர் ஆ. ப. ஜெ. அப்துல் கலாம் தலைமையில் தொடங்கப்பெற்ற ஒருங்கிணைந்த ஏவுகணை வளர்ச்சித் திட்டத்தின் ஐந்து ஏவுகணைகளுள் 'நாக்' ஒன்று. இது மூன்றாம் தலைமுறையைச் சார்ந்தது. 4 கிலோமீட்டர் வரை செல்லும். 'நாமிகா' என்னும் கவச ஊர்தி, ஏவுவதற்கு ஆயத்தமான ஆறு ஏவுகணைகளைத் தாங்கிச் செல்லும். டாங்கியின் கவசம் முன்புறத்தில் தடித்தும் மேற்புறத்தில் மெலிந்தும் இருப்பதால், நாக் மேலெழும்பிச் சென்று மேலிருந்து தாக்க வல்லது. அதன் வெடிமுனை இரண்டு அடுக்குகள் கொண்டது. முன்னது டாங்கியின் வெடிகவசத்தைச் சிதைக்க, பின்னது உட்கவசத்தைத் துளைக்கும்.

பாலைவனச் சோதனை

நாக்கின் கண் அகச்சிவப்புத் தேடுகருவியாகும். டாங்கிக்கும் சுற்றுப்புறத்துக்கும் உள்ள வெப்ப வேறுபாட்டைக் கொண்டு அது இலக்கின் உருவத்தைக் காண்கிறது. ஆனால் கோடை நண்பகலில் ராஜஸ்தான் மணலும் டாங்கியைப் போலவே கொதிக்கிறது, வேறுபாடு மங்குகிறது. இக்காரணத்தால் கோடைச் சோதனைகளில் இலக்கைப் பிரித்தறிவது இடர்ப்பாடாயிற்று. தேடுகருவி செம்மைப்படுத்தப்பட்டபின், 2019 ஜூலையில் பொக்ரானில் கோடைச் சோதனைகள் வெற்றி பெற்றன. 2020 அக்டோபர் 22இல் இறுதிச் சோதனை நிறைவுற்றது. திட்டம் தொடங்கி அப்போது 37 ஆண்டுகள் ஆகியிருந்தன.

ஹெலிகாப்டரிலிருந்து

நாக்கின் வழிவந்த 'ஹெலினா', துருவ் ஹெலிகாப்டரிலிருந்து 7 கிலோமீட்டர் வரை தாக்கக்கூடியது. கூடுதல் தொலைவு ஹெலிகாப்டருக்குப் பாதுகாப்பாகும். ஏவியவுடன் குன்றின் பின்னே மறையவும் இயலும். 2022 ஏப்ரலில் இது பொக்ரானிலும், அடுத்து உயர்மலைப் பகுதியிலும் சோதிக்கப்பட்டது.

2025 மார்ச்சில் நாக் ஏவுகணை ஊர்தி அமைப்புகளுக்காக, ஆவடியைத் தலைமையிடமாகக் கொண்ட கவச ஊர்தி நிறுவனத்துடன் ரூ. 1,801.34 கோடிக்குப் பாதுகாப்பு அமைச்சகம் ஒப்பந்தம் செய்தது.

உரிமம் பெற்று உற்பத்தி செய்வதால் தொழில்திறன் வளரும். ஆனால் நம் மணலிலும் மலையிலும் ஒரு கருவி எவ்வாறு இயங்கும் என்னும் அறிவை எந்த உரிமமும் அளிப்பதில்லை. அதனை நாமே சோதித்துப் பெறுதல் வேண்டும். நாக் எடுத்துக்கொண்ட நீண்ட காலம் உணர்த்தும் பாடம் இதுவே.