எடிங்டன் எண்ணும் என் மிதிவண்டியும்

ஆயுத பூசை நாளில் எங்கள் ஜோகுபாளையத்துத் தெருக்களைப் பார்க்கவேண்டும். ஆட்டோ, தள்ளுவண்டி, தையல் இயந்திரம் என்று உழைக்கும் பொருள் ஒவ்வொன்றும் மாலையும் சந்தனமும் அணிந்து நிற்கும். சென்ற ஆண்டு அந்த வரிசையில் என் பழைய மிதிவண்டியும் நின்றது. சக்கரத்தடியில் எலுமிச்சம்பழம் நசுங்கியதும் அம்மா கேட்டார்: “ஏண்டா, இதை வைத்துக்கொண்டு எவ்வளவு தூரந்தான் போகப் போகிறாய்?”

எளிய கேள்விதான். ஆயினும் எனக்கு உடனே விடை கூற இயலவில்லை. ‘எவ்வளவு தூரம்’ என்பதை எப்படி அளப்பது? அந்த அளவையைப் பற்றியதே இக்கட்டுரை.

மூன்று அளவைகள்

ஒருவன் மிதிவண்டியில் சென்ற தொலைவை மூன்று வகையாக அளக்கலாம்.

முதலாவது, மொத்தத் தொலைவு. நாள்தோறும் கடைத்தெருவுக்குப் போய்வரும் மூன்று கிலோமீட்டரும் அதில் சேரும். ஆண்டுகள் செல்லச் செல்ல எண் பெருகும். ஆனால் நெடும்பயணம் ஒன்றேனும் செய்தானா என்பதை அது சொல்லாது.

இரண்டாவது, ஒரே நாளில் சென்ற மிகப் பெரிய தொலைவு. இதில் வீரம் தெரியும், பழக்கம் தெரியாது. ஒருநாள் வெறியில் நூறு கிலோமீட்டர் ஓட்டிவிட்டு, ஓராண்டு வண்டியைத் தூசியில் நிறுத்தியவனும் ‘நூறு’ என்று சொல்லிக்கொள்ளலாம்.

மூன்றாவது அளவை இவ்விரண்டு குறைகளையும் ஒருங்கே நீக்குவது. அதுவே எடிங்டன் எண். ஒருவன் குறைந்தது எத்தனை நாள்களில், நாளொன்றுக்குக் குறைந்தது அத்தனை கிலோமீட்டர் ஓட்டியிருக்கிறானோ, அந்த எண்களுள் மிகப் பெரியதே அவனுடைய எடிங்டன் எண்.

கேட்கச் சற்றுக் குழப்பமாக இருக்கும். ஓர் எடுத்துக்காட்டால் தெளியலாம். ஒரு மாணவர் ஏழு நாள் ஓட்டிய தொலைவுகளைப் பெரியதிலிருந்து சிறியதாக வரிசைப்படுத்துகிறார்: 40, 25, 12, 8, 6, 5, 3. இனி ஒன்று, இரண்டு என்று எண்ணிக்கொண்டே வாருங்கள். நான்காம் இடத்தில் 8 இருக்கிறது, நான்கைவிடப் பெரிது. ஐந்தாம் இடத்தில் 6. அதுவும் ஐந்தைவிடப் பெரிது. ஆறாம் இடத்தில் 5. அது ஆறுக்குக் குறைவு. ஆகவே நிறுத்திவிடவேண்டியதுதான். அவருடைய எடிங்டன் எண் 5. நாற்பது கிலோமீட்டர் ஓட்டியவர்தாமே என்று நாம் இரக்கப்படலாம், கணக்கு இரங்காது.

அறிஞர் உலகிலும் இதே வடிவத்தில் ஓர் அளவை உண்டு. 2005ஆம் ஆண்டு ஹிர்ஷ் என்ற இயற்பியலறிஞர் ஆராய்ச்சியாளர்களின் கட்டுரைகளை அளக்க முன்வைத்த ‘எச் குறியீடு’ அது. எத்தனை கட்டுரைகள், ஒவ்வொன்றும் குறைந்தது அத்தனை முறை மேற்கோள் காட்டப்பட்டன என்பதே அதன் கணக்கு.

எடிங்டன் யார்?

ஆர்தர் எடிங்டன் 1882ஆம் ஆண்டு பிறந்து 1944ஆம் ஆண்டு மறைந்த ஆங்கில வானியலறிஞர். 1919ஆம் ஆண்டு மே 29ஆம் நாள் நிகழ்ந்த முழுச் சூரிய கிரகணத்தை ஆப்பிரிக்கக் கரைக்கு அப்பாலுள்ள பிரின்சிபே தீவிலிருந்து ஆராய்ந்தவர். விண்மீனின் ஒளி சூரியனருகே வளைகிறது என்ற ஐன்ஸ்டைனின் கருத்துக்குச் சான்று தேடிச் சென்ற பயணம் அது. அந்தப் பேரறிஞருக்கு மிதிவண்டியில் தீராத காதல். தாம் சென்ற தொலைவுகளை மைல் கணக்கில் குறித்துவைத்து, மேலே சொன்ன முறையில் தம் எண்ணைக் கணித்துவந்தார். வாழ்நாள் முடிவில் அவர் எண் 84.

அதன் பொருள் என்ன? எண்பத்து நான்கு நாள்களில், நாளொன்றுக்கு 84 மைலுக்குக் குறையாமல் ஓட்டியிருக்கிறார். 84 மைல் என்பது ஏறத்தாழ 135 கிலோமீட்டர். அந்த 84 நாள்களின் தொலைவு மட்டுமே 7,056 மைலுக்குக் குறையாது. அதாவது 11,355 கிலோமீட்டருக்கு மேல்.

இந்த எண்ணைப் பற்றி அவர் கடிதம் எழுதிய நண்பர்களுள் ஒருவர் தமிழர். அவரே சுப்பிரமணியன் சந்திரசேகர். சென்னை மாநிலக் கல்லூரியில் பயின்று 1930ஆம் ஆண்டு கேம்பிரிட்ஜுக்குக் கப்பலேறியவர். நம் பெங்களூரில் வாழ்ந்து மறைந்த சர் சி. வி. இராமனின் அண்ணன் மகன். எடிங்டன், சந்திரசேகர் இருவரும் கேம்பிரிட்ஜின் டிரினிட்டிக் கல்லூரியைச் சேர்ந்தவர்கள். எங்கள் ஜோகுபாளையத்துக்கு அடுத்த பகுதியின் பெயர் கேம்பிரிட்ஜ் லேஅவுட்; சற்று அப்பால் இருக்கும் மெட்ரோ நிலையத்தின் பெயர் டிரினிட்டி. பெயரளவில் நானும் கேம்பிரிட்ஜிலும் டிரினிட்டியிலும் நாள்தோறும் மிதிப்பவன்தான்!

அவ்விருவரின் நட்பு எத்தகையது என்பதையும் நாம் அறியவேண்டும். 1935ஆம் ஆண்டு சனவரி 11ஆம் நாள், இலண்டனில் அரச வானியல் கழகக் கூட்டத்தில் இருபத்து நான்கு வயதுச் சந்திரசேகர் தம் ஆய்வை எடுத்துரைத்தார். வெண்குறுமீனின் நிறைக்கு ஓர் எல்லை உண்டு. அவ்வெல்லையைக் கடந்த விண்மீன் வெண்குறுமீனாக அமைந்து நிற்க முடியாது என்பது அவர் கண்ட உண்மை. சூரியனைப்போல் ஏறத்தாழ 1.4 மடங்கு என்று இன்று நாம் கூறும் ‘சந்திரசேகர் எல்லை’ அதுதான். அவரை அடுத்துப் பேச எழுந்த எடிங்டன் அதனை ஏற்கவில்லை. அவையறிய எள்ளி நகையாடினார். புகழின் உச்சியில் இருந்தவர் சொன்னதால் பலர் வாளாவிருந்தனர். இளைஞரின் உள்ளம் எவ்வளவு நொந்திருக்கும்!

ஆயினும் அந்த நட்பு முறியவில்லை. கடிதங்கள் தொடர்ந்தன, அவற்றில் மிதிவண்டி எண்ணும் வந்தது. 1983ஆம் ஆண்டு சந்திரசேகருக்கு நோபல் பரிசு கிடைத்தது. அதே ஆண்டில், எடிங்டனின் நூற்றாண்டையொட்டித் தாம் ஆற்றிய சொற்பொழிவுகளை அவர் நூலாக வெளியிட்டார். அந்நூலில் எடிங்டனைத் தம் காலத்தின் மிகச் சிறந்த வான்இயற்பியலறிஞர் என்றே போற்றினார். ஒருவரது தவற்றைத் தவறு என்று சொல்லிக்கொண்டே அவரது பெருமையைப் பெருமை என்று ஒப்புவது எத்துணைப் பெரிய பண்பு!

எண் ஏறும் வகை

இனி இவ்வெண்ணின் சூழ்ச்சிக்கு வருவோம். முப்பதிலிருந்து நாற்பதுக்குப் போகப் பத்துப் பயணம் போதும் என்று தோன்றும். அது தவறு. எண் நாற்பது ஆகவேண்டுமானால் நாற்பது கிலோமீட்டருக்குக் குறைந்த பயணங்கள் எல்லாம் கணக்கிலிருந்து உதிர்ந்துவிடும்.

என் நிலையையே சொல்கிறேன். சென்ற ஆண்டு ஐப்பசி பிறந்தபோது என் எண், கிலோமீட்டரில், 31. கார்த்திகை முடிவதற்குள் 36 ஆக்குவது என்று உறுதி செய்துகொண்டேன். ஐந்து படிகள்தாமே என்று எண்ணினேன். நோட்டைப் புரட்டிப் பார்த்தபோது உண்மை விளங்கியது. என் முப்பத்தொரு பயணங்களில் 36 கிலோமீட்டரை எட்டியவை 22 மட்டுமே. மற்ற ஒன்பதும் ஒயிட்ஃபீல்டு பக்கம் போய்த் திரும்பிய 32 கிலோமீட்டர்ப் பயணங்கள். அவை இனி உதவா. ஆகவே ஐந்து அன்று, பதினான்கு பயணங்கள் தேவை!

இதிலிருந்து ஒரு விதி கிடைக்கிறது. எண் 31 உள்ளவன் 32 கிலோமீட்டரோடு நிறைவடையக் கூடாது. 50 கிலோமீட்டர் ஓட்டவேண்டும். 32 அடுத்த படிக்கு மட்டுமே பயன்படும். 50 கிலோமீட்டர்ப் பயணம் எண் ஐம்பதாகும் வரை கணக்கில் நிற்கும். நான் பழைய மதராஸ் சாலையில் கிருஷ்ணராஜபுரம் கடந்து ஹொசகோட்டை வரை போய்வரத் தொடங்கினேன். போகவர ஏறத்தாழ 50 கிலோமீட்டர்.

கூதிரும் காற்றும்

நம் முன்னோர் ஆண்டை ஆறு பெரும்பொழுதுகளாகப் பகுத்தனர். ஐப்பசியும் கார்த்திகையும் கூதிர்காலம். தமிழ்நாட்டுக் கடற்கரையில் அப்போது வடகிழக்குப் பருவமழை கொட்டும். ஏறத்தாழ 900 மீட்டர் உயரத்திலுள்ள பெங்களூரிலோ செப்டம்பர், அக்டோபர் மாதங்களில்தான் மழை மிகுதி. கார்த்திகையில் அது குறைந்து காலைக் குளிர் தொடங்கும். வியர்வை மிகாது, தூசி அடங்கியிருக்கும். நெடுந்தொலைவு பழகுவதற்கு இதைவிட நல்ல பருவம் எங்களுக்கு இல்லை. ஆனால் சூரியன் ஆறு மணிக்குப் பிறகே எழுவதால் முன்விளக்கும் பின்விளக்கும் வேண்டும். நனைந்த சக்கரத்தில் பிரேக் உடனே பிடிக்காது, முன்னதாகவே அழுத்தவேண்டும். சாலையில் வெள்ளைக்கோடும் இரும்பு மூடியும் வழுக்கும்.

தொடங்குவோர் பலர் வேகத்தால் தோற்கின்றனர். காற்றின் தடை வேகத்தின் இருமடிக்கு ஏற்பப் பெருகும். அதை வெல்லச் செலவிடும் திறனோ மும்மடிக்கு ஏற்பப் பெருகும். மணிக்கு 20 கிலோமீட்டரில் செல்பவர் 25க்கு உயர்ந்தால் வேகம் கால் பங்குதான் கூடுகிறது. காற்றை எதிர்க்கும் திறனோ ஏறத்தாழ இரண்டு மடங்காகிறது. 36 கிலோமீட்டரில் அவர் மிச்சப்படுத்துவது இருபத்திரண்டு நிமிடத்துக்கும் குறைவு. இருபத்திரண்டு நிமிடத்துக்காக இரு மடங்கு உழைப்பா? தொலைவை நாடுபவர் பேசிக்கொண்டே ஓட்டக்கூடிய வேகத்தில் செல்லவேண்டும்.

உணவும் அவ்வாறே. தசையிலும் ஈரலிலும் உடல் சேமித்துள்ள மாச்சத்து, கடுமையாக ஓட்டினால் இரண்டு மணி நேர அளவில் வற்றத் தொடங்கும். அப்போது கால் சோர்ந்து கண் இருளும். அதற்கு முன்பே, மணிக்கு 30 முதல் 60 கிராம் மாச்சத்து உட்கொள்ளவேண்டும். நடுத்தர வாழைப்பழம் ஒன்றில் சுமார் 25 கிராம் உண்டு. சட்டைப்பையில் இரண்டு பழமும் கொஞ்சம் கடலை மிட்டாயும் இருந்தால் போதும். இருக்கையின் உயரத்தையும் பாருங்கள். மிதிகட்டை அடியில் இருக்கும்போது குதிகாலை அதன்மேல் வைத்தால் கால் நேராக நீளவேண்டும். தாழ்ந்த இருக்கை முழங்காலை வருத்தும்.

ஒரு நாள் இரவு

ஐப்பசி, கார்த்திகை இரண்டிலும் சனியும் ஞாயிறுமாக எனக்கு 18 நாள்கள் இருந்தன. மழை இரண்டைக் கொண்டுபோயிற்று. தீபாவளிக்கு ஊருக்குப் போனதில் ஒன்று, தேர்வுக்குப் படித்ததில் ஒன்று போயின. எஞ்சியவை சரியாகப் பதினான்கு.

அந்தப் பதினான்கில் ஒருநாள் ஒயிட்ஃபீல்டுக்கு அப்பால் சற்றுச் சுற்றி வந்துகொண்டிருந்தேன். வழியில் மழை பிடித்துக்கொண்டது. அல்சூர் ஏரிக்கரையை அடைந்தபோது வண்டியின் அளவுமானி 34 காட்டியது. ஏரியை ஒரு சுற்றுச் சுற்றினால் 36 நிறைந்துவிடும். ஆனால் உடல் நடுங்கியது; விளக்கும் அணைந்துவிட்டது. 2009ஆம் ஆண்டு அங்கே திறக்கப்பட்ட வள்ளுவர் சிலை மழையில் நனைந்துகொண்டு நின்றது. நான் வீட்டுக்குத் திரும்பிவிட்டேன்.

அன்றிரவு நோட்டைத் திறந்தேன். பேனா ‘36’ என்று எழுதத் துடித்தது. யார் பார்க்கப் போகிறார்கள்? பாரிசிலிருந்து பிரெஸ்ட் நகர்வரை போய்த் திரும்பும் 1,200 கிலோமீட்டர்ப் பயணம் 1891ஆம் ஆண்டு பந்தயமாகத் தொடங்கியது. இன்று அதை 90 மணி நேரத்தில் முடிக்கவேண்டும் என்ற வரம்பு உண்டு. இடையிடையே முத்திரையிட்டுச் சரிபார்க்கும் இடங்கள் உண்டு. என் கணக்கைச் சரிபார்க்க எவரும் இல்லை. நெடுநேரம் உட்கார்ந்திருந்தேன். பிறகு 34 என்றே எழுதினேன். எவரும் பார்க்காத கணக்கில் நான் பொய் எழுதினால், அந்த எண் யாருக்காக? அது என்னைப் பற்றி எனக்கே சொல்லும் செய்தி அன்றோ?

கார்த்திகை முடிந்தது. 36க்குக் குறையாத பயணங்கள் 13 சேர்ந்திருந்தன. பழைய 22உடன் 35. ஆகவே என் எண் 35, 36 அன்று. குறைந்தது ஒரே ஒரு பயணம். அந்த மழைநாளின் இரண்டு கிலோமீட்டரே அது! வருந்தினேன் என்பதை மறைக்கவில்லை. மார்கழியின் முதல் சனிக்கிழமை ஹொசகோட்டைக்குப் போய்வந்து 36 ஆக்கினேன். குறித்த கெடுவில் தோற்றேன். குறித்த எண்ணை அடைந்தேன்.

தோழர்களே! உங்கள் விடுதித் தாழ்வாரத்திலும் ஒரு மிதிவண்டி காற்றிறங்கி நிற்கும். காற்றடைத்து, சங்கிலிக்கு எண்ணெய் இட்டு, ஒரு நோட்டும் வாங்கிக்கொள்ளுங்கள். முதல் நாள் ஒரு கிலோமீட்டர் ஓட்டினாலும் உங்கள் எண் ஒன்று. அங்கிருந்து ஏறுங்கள். ஓட்டியதை ஓட்டியவாறே எழுதுங்கள்.

இந்த ஆண்டு ஆயுத பூசைக்கும் அம்மா அதே கேள்வியைக் கேட்பார். “நாற்பத்தொன்று, அம்மா” என்று சொல்ல விடை வைத்திருக்கிறேன். ‘இவ்வளவுதானா?’ என்பார். அப்போது இக்கட்டுரையைப் படித்துக் காட்டவேண்டும்.