ஸ்போர்ட்ஸ் காருக்கு எந்த ஆயில் ஃபில்டர்?

முதல் ஸ்போர்ட்ஸ் காராகப் பழைய மாஸ்டா எம்எக்ஸ்-5 வாங்கும் இளைஞர்கள் அமெரிக்காவிலும் பிரிட்டனிலும் ஜப்பானிலும் ஏராளம். 1989-ல் வந்த அதன் முதல் தலைமுறை, 1.6 லிட்டர் எஞ்சினும் பின்சக்கர ஓட்டமும் ஒரு டன்னுக்குள் அடங்கிய எடையும் கொண்டது. பெரும்பாலான வேலைகளை வீட்டு வாசலிலேயே செய்துகொள்ளலாம். அதனால் தன் கையாலேயே ஆயில் மாற்ற ஆசைப்படுகிறவர்கள் அதிகம். ஆசை நல்லது. ஆனால் ஃபில்டர் வாங்கும் இடத்தில்தான் பலர் சறுக்குகிறார்கள். ஒரு சாரார் வீடியோவில் பார்த்த மோகத்தில், நீலமும் சிவப்பும் பூசிய அலுமினிய உடலுக்குள் ஸ்டீல் வலை வைத்த 'ரேஸிங்' ஃபில்டரைப் பெரும் பணம் கொடுத்து வாங்குகிறார்கள். இன்னொரு சாரார், எல்லா ஃபில்டரும் ஒன்றுதான் என்று வீட்டுப் பெரியவர் அடித்துச் சொன்னதற்குக் கட்டுப்பட்டு, இருப்பதிலேயே மலிவானதை மாட்டுகிறார்கள். இரண்டு முடிவுமே காரைப் பார்த்து எடுத்தவை அல்ல. ஃபில்டருக்கு உள்ள வேலை என்ன, அதை எது ஒழுங்காகச் செய்கிறது என்ற கேள்வியிலிருந்துதான் தேர்வு தொடங்க வேண்டும்.

இந்தக் காருக்குப் பொருந்துவது மரையில் சுற்றி மாட்டும் டப்பா வகை ஃபில்டர். கார் கம்பெனியின் ஒரிஜினல், மான், மாலே, விக்ஸ் போன்ற பெயர்பெற்ற தயாரிப்புகள், பெயர் தெரியாத மலிவுச் சரக்கு என மூன்று தரங்களில் அது கிடைக்கும். முதல் இரண்டில் எதை வாங்கினாலும் பழுதில்லை; என்னைக் கேட்டால் ஒரிஜினலே என் முதல் தேர்வு. மலிவுச் சரக்கைத் தவிர்க்கச் சொல்வதற்குக் காரணம் டப்பாவுக்குள் இருக்கிறது. முதல் தலைமுறை எம்எக்ஸ்-5-ல் ஃபில்டர் நிமிர்ந்து நிற்பதில்லை, பக்கவாட்டில் படுத்திருக்கிறது. எஞ்சின் நின்றதும் உள்ளே இருக்கும் ஆயில் வடிந்து சம்ப்புக்குத் திரும்பாமல் ஒரு ரப்பர் வால்வுதான் தடுக்கிறது. மலிவான ரப்பர் சூட்டில் விறைத்துப்போனால் தடுப்பு போய்விடும். இந்த எஞ்சினின் ஹைட்ராலிக் லிஃப்டர்களுக்கு ஆயில் உடனே வந்து சேர வேண்டும். தாமதமானால் காலையில் ஸ்டார்ட் செய்ததும் டிக்டிக்கென்று தட்டும் சத்தம் கேட்கும். சத்தத்துக்கு வேறு காரணங்களும் உண்டு என்றாலும், அதில் ஒன்றை நாமே காசு கொடுத்து வாங்க வேண்டியதில்லை. மரையையும் கவனிக்க வேண்டும். இதற்கு வேண்டியது 20 மில்லிமீட்டர் மெட்ரிக் மரை. முக்கால் அங்குல மரை கொண்ட ஃபில்டர் பார்வைக்கு அச்சு அசலாக அப்படியே இருக்கும், ஆனால் இந்த மரையில் சரியாக ஏறாது. அளவு பார்த்து ஊகிக்காமல் பார்ட் நம்பரைச் சரிபார்த்து வாங்குங்கள்.

போர்ஷே பாக்ஸ்டரின் முதல் தலைமுறை போன்ற கார்களில் ஏற்பாடு வேறு. பிளாஸ்டிக் கூட்டுக்குள் காகித எலிமெண்ட் மட்டும் இருக்கும். அதையும் ஓ-ரிங்கையும் மாற்றிவிட்டு, கூட்டை 25 நியூட்டன் மீட்டருக்கு டார்க் ரெஞ்சால் இறுக்கினால் போதும். அந்த எலிமெண்டின் மடிப்புகளை விரித்துப் பார்த்தால், உலோகத் துணுக்குகள் இருந்தால் கண்ணில் படும். பேரிங் பழுதுக்குப் பேர்போன அந்த எஞ்சினுக்கு அது பெரிய வசதி.

இனி அந்த ஸ்டீல் வலை ஃபில்டருக்கு வருவோம். கழுவிக் கழுவி வாழ்நாள் முழுக்கப் பயன்படுத்தலாம், ஆயில் தடையில்லாமல் பாயும், ரேஸ் கார்களில் இதைத்தான் போடுகிறார்கள் என்று மூன்று பெருமைகள் சொல்லி விற்கிறார்கள். மூன்றையும் எடைபோடும் முன், வடிகட்டுவதில் அது எப்படி என்று பார்க்க வேண்டும். இத்தகைய வலைகளில் பரவலாக விற்பவை சுமார் 30 மைக்ரானுக்கு மேற்பட்ட துகள்களைத்தான் நம்பிக்கையாக நிறுத்துகின்றன. ஆனால் ஓடும் எஞ்சினில் பேரிங்குக்கும் கிராங்குக்கும் இடையே உள்ள ஆயில் படலம் அதைவிட மெல்லியது. அந்தப் படலத்தின் தடிமனை ஒத்த துகள்கள்தான் இரண்டு பரப்புக்கும் நடுவே புகுந்து அரைக்கும். ஜெனரல் மோட்டார்ஸ் பொறியாளர் 1988-ல் வெளியிட்ட ஆய்வு இதைத்தான் அளந்து காட்டியது: 40 மைக்ரான் ஃபில்டரோடு ஒப்பிட்டால் 30 மைக்ரான் ஃபில்டரில் எஞ்சின் தேய்மானம் பாதியாகக் குறைந்தது; 15 மைக்ரானில் 70 சதவீதம் குறைந்தது. சோதனைக்கூடத்தில் தூசியை வேண்டுமென்றே கூட்டிக் கொடுத்திருப்பார்கள், நம் காரில் அவ்வளவு வித்தியாசம் தெரியாது என்று வாதிடலாம். அளவு மாறலாம், திசை மாறாது. நல்ல காகித, செயற்கை இழை ஃபில்டர்களில் சில, ஐஎஸ்ஓ 4548-12 சோதனையில் 20 மைக்ரான் துகள்களில் 99 சதவீதத்தைப் பிடிப்பதாக அட்டையிலேயே அச்சிடுகின்றன. வலையில் துகள் மேற்பரப்பில் மட்டுமே சிக்கும். இழைகளின் அடுக்கிலோ ஆழத்திலும் சிக்கி அங்கேயே தங்கிவிடும்.

தடையில்லாத பாய்ச்சல் என்ற பெருமையும் நிற்காது. ஆயில் பம்ப் ஒரு சுற்றுக்கு இவ்வளவு என்று தள்ளியே தீரும். அதன் ரிலீஃப் வால்வு திறக்காதவரை, ஃபில்டர் எதுவாக இருந்தாலும் பேரிங்குக்குப் போய்ச் சேரும் அளவு ஏறக்குறைய ஒன்றே. குளிரில் ஆயில் கெட்டியாக இருக்கும்போது காகித ஃபில்டரின் பைபாஸ் வால்வு திறந்து, வடிகட்டாத ஆயில் போகிறதே என்பார்கள். உண்மைதான், ஆனால் அது கொஞ்ச நேரம். அந்தக் கொஞ்ச நேரத்துக்குப் பயந்து, எஞ்சின் ஓடும் நேரமெல்லாம் பெரிய துளை வழியாக ஆயிலை அனுப்புவது எந்தக் கணக்கிலும் லாபமில்லை. ரேஸ் கார்களில் போடுகிறார்களே என்பது அடுத்த வாதம். அங்கே எஞ்சினைச் சில மணி நேர ஓட்டத்துக்கே பிரித்துக் கோர்க்கிறார்கள்; ஒவ்வோர் ஓட்டத்துக்கும் பிறகு வலையைக் கழற்றி, எந்தப் பேரிங் உதிர்கிறது என்று உடனே பார்ப்பதற்கு அது தோதாக இருக்கிறது. இரண்டு லட்சம் கிலோமீட்டர் ஓட வேண்டிய உங்கள் எஞ்சினுக்கு அந்தத் தேவை இல்லை. இருந்தாலும் கழற்றிய டப்பாவைக் கட்டரால் வெட்டி, காகிதத்தை விரித்துப் பார்த்துவிடலாம். கடைசியாகச் சிக்கனம். கழுவ சால்வன்ட் வேண்டும், மாற்று ஓ-ரிங்குகள் வேண்டும், தூசியில்லாத இடம் வேண்டும். கழுவும்போது வெளிப்பக்க அழுக்கு உட்பக்கத்துக்குப் போய்விட்டால், துடைத்த துணியின் ஒரு நூல் உள்ளே தங்கிவிட்டால், அது வடிகட்டப்படாமல் நேரே பேரிங்குக்குப் போகும். அழுக்கைப் பிடித்து வைத்துக்கொண்டு தானும் வெளியேறுவதுதான் ஃபில்டரின் பணி. அதைத் திரும்ப மாட்டுவதில் மிச்சமாகும் பணம், ஒரு பேரிங் செட்டின் கூலிக்குக் காணாது.

தேர்வு சரியாக இருந்தாலும் மாட்டுவது தவறினால் பயனில்லை. எம்எக்ஸ்-5-ல் ஃபில்டர் எஞ்சினின் வலப்பக்கம், இன்டேக் மானிஃபோல்டுக்கு அடியில் ஒளிந்திருக்கும். கை நுழைவதே சிரமம். காரை ஜாக் ஸ்டாண்டில் நிறுத்துங்கள், வெறும் ஜாக்கை நம்பி அடியில் போகாதீர்கள். எஞ்சின் வெதுவெதுப்பாக இருக்கும்போது ஆயிலை வடியுங்கள். ஃபில்டர் கழன்றதும் ஆயில் பக்கவாட்டில் கொட்டும், கீழே துணி திணித்து வையுங்கள். பிறகு கழற்றிய ஃபில்டரின் வாயைத் திருப்பிப் பாருங்கள்: ரப்பர் கேஸ்கெட் அதில் இருக்கிறதா? இல்லையென்றால் அது எஞ்சினிலேயே ஒட்டிக்கொண்டிருக்கிறது. விரலை விட்டுத் தடவி உரித்தெடுங்கள். பழையதன் மேல் புதியது உட்கார்ந்தால் அழுத்தத்தில் பிதுங்கி, எஞ்சினின் ஆயில் முழுவதும் சில நிமிடங்களில் தரைக்கு வந்துவிடும். புதிய கேஸ்கெட்டில் புது ஆயிலைத் தடவி, கையாலேயே சுற்றி, பரப்பைத் தொட்ட பிறகு டப்பாவில் எழுதியுள்ள அளவு மட்டும் இறுக்குங்கள். பலவற்றில் அது முக்கால் சுற்று. டிரெயின் போல்ட்டுக்குப் புது வாஷர் போட்டு, ஆயில் ஊற்றி, ஸ்டார்ட் செய்யுங்கள். பிரஷர் முள் ஏறியதும் அடியில் குனிந்து கசிவைப் பாருங்கள். அணைத்து, சற்றுப் பொறுத்து, டிப்ஸ்டிக்கைப் பாருங்கள்.

இவ்வளவும் தெரிந்தவர்களும் தவறுவது, யோசிக்காமல் அடுத்தவரைப் பார்த்துச் செய்யும் அவசரத்தால்தான். பக்கத்து வீட்டுப் பையன் சேர்ந்த படிப்பில் நம் பிள்ளையையும் சேர்ப்பது எவ்வளவு தவறோ, அடுத்தவர் காருக்குப் பொருந்தியதை நம் காருக்கு மாட்டுவதும் அவ்வளவு தவறு. உங்கள் கார் எப்படி ஓடுகிறது, எவ்வளவு ஓடுகிறது, உங்கள் கைக்கு எந்த வேலை வருகிறது என்று முதலில் பாருங்கள். கை பழகாதவர் ஒருமுறை நல்ல மெக்கானிக் பக்கத்தில் நின்று கவனித்துவிட்டுத் தொடங்கலாம். அதில் கௌரவக் குறைச்சல் எதுவும் இல்லை. சர்வீஸ் மேனுவலைப் படிக்கும் பொறுமையும், இறுக்கிய மரையை இன்னொரு தடவை தொட்டுப் பார்க்கும் நிதானமும் வந்துவிட்டால், காருக்கு எது தேவை என்று பிறர் சொல்லிக் கேட்க வேண்டிய நிலை இருக்காது. வேகமான காரை வைத்திருப்பவருக்கு முதலில் வேண்டியது இந்த நிதானம்தான். அதைப் பழகிக்கொள்ள ஆயில் ஃபில்டர் மாற்றுவதைவிட எளிய வேலை கிடையாது. அடுத்த ஆயில் சேஞ்சிலேயே தொடங்குங்கள்.