சிறுநீரகப் புற்றுநோயும் சின்னஞ்சிறு ஆர்.என்.ஏ.யும்



சிறுநீரகத்தில் புற்றுநோய் எப்படி வளருகிறது என்பதை இந்த இதழில் எளிய முறையில் கற்றுக்கொள்வோம்.

சேத்தூர், இராஜபாளையம் பகுதியாருக்கு நூல் மில் புதிதல்ல. ஆபீசிலிருந்து சீட்டு வந்தால்தான் மெஷின் ஓடும். எந்த நூல், எவ்வளவு என்பது அந்தச் சீட்டில் இருக்கும். நம் உடலின் செல்களும் இப்படித்தான். ஜீன்கள் ஆபீசிலுள்ள பதிவேடு. அதிலிருந்து எடுக்கும் நகலே தூது ஆர்.என்.ஏ. என்னும் சீட்டு. அதைப் பார்த்தே செல் தனக்கு வேண்டிய புரதங்களையும் என்சைம்களையும் செய்கிறது.

மைக்ரோ ஆர்.என்.ஏ. என்பது சுமார் 22 எழுத்துகளே கொண்ட ஒரு துணுக்கு. அது தனக்குப் பொருந்தும் சீட்டில் போய் ஒட்டிக்கொள்ளும். உடனே அந்தச் சீட்டின் வேலை தடைபடும், அல்லது சீட்டே அழிந்துபோகும். இது கெடுதல் அல்ல; எதையும் அளவோடு செய்ய இது தேவை. 1993-ல் ஒரு சிறு புழுவில் இதை விளக்கிய விக்டர் ஆம்ப்ரோஸ், கேரி ருவ்குன் இருவருக்கும் 2024-ல் மருத்துவ நோபல் பரிசு கிடைத்தது.

அளவு மீறினால் என்ன ஆகும்? பி-டென் என்பது செல்லின் வளர்ச்சிக்குப் பிரேக் போன்ற என்சைம். "வளர்" என்ற செய்தியைத் தாங்கும் கொழுப்பு மூலக்கூறிலிருந்து ஒரு பாஸ்பேட்டை அகற்றி, அச்செய்தியை அது அணைத்துவிடும். சிறுநீரகப் புற்றுக்கட்டிகளில் மைக்ரோ ஆர்.என்.ஏ. 21 மிகுதியாகக் காணப்படுகிறது. அது பி-டென் சீட்டைப் பிடித்துக்கொள்கிறது. ஜீன் பழுதின்றி இருந்தும் என்சைம் குறைகிறது. செல் அடங்காமல் பெருகுகிறது. இதுமட்டுமே காரணம் அல்ல. இந்நோயின் பொதுவான வகையில், 3-ஆம் குரோமோசோமிலுள்ள வி.எச்.எல். ஜீன் கெடுவதே பெரும்பாலும் தொடக்கம்.

இந்த அறிவு இந்நோய்க்கு இன்னும் வழக்கமான மருந்தாக மாறவில்லை. ஆகவே சீக்கிரம் கண்டுபிடிப்பதே இன்று நம் கையிலுள்ள நல்ல வழி. கட்டி சிறுநீரகத்திற்குள்ளேயே இருக்கும்போது ஆபரேஷன் செய்து பலர் குணமடைகின்றனர். கட்டி சிறிதானால், பல வேளைகளில் அதைமட்டும் அகற்றி மீதிச் சிறுநீரகத்தைக் காப்பாற்றவும் முடியும்.

சிறுநீரில் இரத்தம் கண்டால், வலியில்லையே என்று இருந்துவிடாதீர்கள். உடற்சூடு என்று இளநீர் குடித்து நாளைக் கடத்தாதீர்கள். ஒருமுறை வந்து நின்றுவிட்டாலும் மருத்துவரிடம் காட்டுங்கள். அவர் சொன்னால் ஸ்கேன் எடுத்துப் பாருங்கள். பீடி சிகரெட், அதிக உடல் எடை, இரத்தக் கொதிப்பு ஆகிய மூன்றும் இந்நோய்க்கு வழி திறப்பவை என்பதையும் நினைவில் வையுங்கள்.

இதை உங்கள் வீட்டாருக்கும் சபையிலுள்ள பெரியவர்களுக்கும் வாசித்துக் காட்டுங்கள். வெட்கப்பட்டு வெளியே சொல்லாமல் இருக்கும் ஒருவருக்கு அது உதவக்கூடும்.