தலைமாட்டுப் பை

அன்புள்ள மலர்விழிக்கு,

எந்த ஆன்டிபயாடிக் எந்த மருந்தோடு ஒத்துப்போகாது என்று ஒரு பட்டியல் கேட்டிருந்தாய். பட்டியல் உன் செல்போனிலேயே கிடைக்கும். நீ முதலில் பார்க்க வேண்டியது, நோயாளியின் தலைமாட்டில் இருக்கும் பையை.

நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில், சிறுநீர்த் தொற்று முற்றிப்போய் ஓர் அம்மா வார்டுக்கு வந்தார். மெரோபெனம் ஊசி ஆரம்பித்தோம். காய்ச்சல் இறங்கியது, எங்களுக்கும் நிம்மதி. மூன்றாம் நாள் விடியற்காலையில் வலிப்பு வந்துவிட்டது. மகன் பதறிப்போய் மஞ்சப்பைக்குள் கைவிட்டு ஒரு மாத்திரை அட்டையை எடுத்து நீட்டினார். சோடியம் வால்புரோயேட். வருஷக்கணக்காகச் சாப்பிடும் வலிப்பு மாத்திரை. வார்டிலும் வேளை தவறாமல் அவரே கொடுத்துக்கொண்டிருந்தார். கேஸ் ஷீட்டில் அது இல்லை. நாங்கள் கேட்கவே இல்லை.

மாத்திரை உள்ளே போய்க்கொண்டிருக்கும்போதே ஏன் வலிப்பு? கல்லீரல் வால்புரோயேட்டை வேறொரு பொருளோடு கோத்து வெளியே தள்ளப் பார்க்கும். அதில் கொஞ்சத்தை ஒரு நொதி அவிழ்த்து மறுபடி ரத்தத்துக்கு அனுப்பிவிடும். மெரோபெனம் அந்த நொதியின் கையைக் கட்டிப்போடுகிறது என்பதுதான் பெரிதும் ஏற்கப்பட்ட விளக்கம். ஒரே நாளில் ரத்தத்தில் மருந்தின் அளவு பாதிக்கும் கீழே சரியலாம். டோஸைக் கூட்டிப் பார்த்தோம். ஓட்டைப் பானையில் தண்ணீர் ஊற்றிய கதைதான். ஊசியை நிறுத்தினாலும் பழைய அளவு திரும்ப ஒரு வாரமோ இரண்டு வாரமோ ஆகும். கடைசியில் லெவெடிரசெட்டாம் சேர்த்த பிறகே வலிப்பு அடங்கியது.

இதய வால்வு மாற்றிக்கொண்டவர்களின் பையில் ரத்தம் உறையாமல் தடுக்கும் அசிட்ரோமோ வார்ஃபரினோ இருக்கும். மெட்ரோனிடசோலோ கோட்ரைமாக்சசோலோ சேர்ந்தால், ரத்தம் உறையும் நேரத்தைக் காட்டும் ஐ.என்.ஆர். எகிறும்; காலையில் பல் தேய்க்கும்போது ஈறில் ரத்தம் வருகிறது என்பார்கள். அதைச் சாதாரணமாக எடுத்துக்கொள்ளாதே. ரிஃபாம்பிசின் நேர் எதிர், ஐ.என்.ஆரை இறக்கி வால்வில் ரத்தம் உறைய வழி செய்யும். அதற்காகக் கூட்டிய வார்ஃபரின் டோஸை, ரிஃபாம்பிசின் நிறுத்திய பின் குறைக்க மறந்தால், அடுத்த சில வாரங்களில் நோயாளி ரத்தப்போக்கோடு திரும்பி வருவார். பார்த்திருக்கிறேன்.

ட்ரிப் லைனையும் கவனி. ரிங்கர் லாக்டேட்டில் கால்சியம் உண்டு. செஃப்ட்ரியாக்சோன் அதில் கலந்தால் வெள்ளையாகத் திரியும். பெரியவர்களுக்கு இரண்டையும் ஒன்றன்பின் ஒன்றாக, நடுவில் லைனைக் கழுவிவிட்டுப் போடலாம். பிறந்து 28 நாள் ஆகாத சிசுவுக்கு, கால்சியம் கலந்த ட்ரிப் ஓடினால் செஃப்ட்ரியாக்சோன் கூடவே கூடாது.

சிப்ரோஃப்ளாக்சசின் விஷயம் சின்னது: அல்சர் மருந்து என்று குடிக்கும் ஆன்டாசிட், இரும்பு, கால்சியம் மாத்திரைகளுக்கு 2 மணி நேரம் முன்னால், அல்லது 6 மணி நேரம் கழித்துக் கொடு. சேர்ந்து போனால் குடலிலேயே ஒட்டிக்கொண்டு வீணாகும்.

கம்ப்யூட்டர் சிவப்பில் எச்சரிக்கும்தான். எல்லாவற்றுக்கும் எச்சரிப்பதால் யாரும் படிப்பதில்லை. தவிர, பதிவு செய்யாத மாத்திரை அதற்கு எப்படித் தெரியும்?

"வேறு மாத்திரை சாப்பிடுறீங்களா?" என்று கேட்டால் "இல்லை" என்பார்கள், தினமும் சாப்பிடுவதை மருந்தாகவே நினைக்க மாட்டார்கள். "பையைக் கொஞ்சம் காட்டுங்கம்மா" என்று கேள். நாளை காலை ரவுண்ட்ஸுக்கு முன்னால் ஐந்து பேரின் பையைப் பார்த்துவிட்டு, கேஸ் ஷீட்டில் இல்லாதது எத்தனை என்று எனக்கு எழுது.

அன்புடன்,
அத்தை