பெயர் பிறகு, கல்யாணப் பேச்சு முதலில்

கேள்வி: எனக்கு 23 வயது. சொந்த ஊர் ஆர்.கே.பேட்டை. வீட்டில் தறி ஓடுகிறது. நான் கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் ஒரு கம்பெனியில் வேலை செய்துகொண்டு ஹாஸ்டலில் இருக்கிறேன். எல்லோருக்கும் நான் பெண். எனக்குத்தான் அது ஒட்டவில்லை. சின்ன வயதில் பாவாடை தாவணி கட்டச் சொன்னாலே அழுவேன். கம்பெனி பேன்ட் சட்டையில் இருக்கும்போதுதான் மூச்சு சீராக வருகிறது. ஆனால் 'நான் ஆண்' என்று கண்ணாடி முன் சொல்லிப் பார்த்தால் அதுவும் முழுசாகப் பொருந்தவில்லை. விஷயம் தெரிந்த ஒரே தோழி, "நீ திருநம்பிதான், ஒத்துக்கோ" என்கிறாள். சில நாள் அப்படித்தான் தோன்றுகிறது, சில நாள் இல்லை. தை பிறந்ததும் மாப்பிள்ளை பார்க்கப் போகிறார்கள். அதற்குள் நான் யார் என்று முடிவு செய்தாக வேண்டுமா?
- பெயர் வெளியிட விரும்பாத வாசகர், ஆர்.கே.பேட்டை

பதில்: வேண்டாம். தைக்குள் நீங்கள் முடிவு செய்ய வேண்டியது ஒன்றுதான்: கல்யாணப் பேச்சுக்கு என்ன சொல்வது என்பது. நீங்கள் யார் என்பதற்குக் கெடு கிடையாது. இரண்டையும் சேர்த்து முடிச்சுப் போட்டதால்தான் இவ்வளவு திணறல்.

பேன்ட் சட்டை பிடிப்பதாலேயே ஒருவர் திருநம்பி, அதாவது பெண்ணாக வளர்க்கப்பட்டு ஆணாக உணர்பவர், ஆகிவிடுவதில்லை. தாவணி பிடிக்காத பெண்கள் எத்தனையோ பேர். யாரும் பார்க்காத நேரத்தில் உங்களை எப்படி நினைத்துக்கொள்கிறீர்கள், 'அக்கா' என்று கூப்பிட்டால் உள்ளே என்ன ஆகிறது, 'அண்ணா' என்றால் என்ன ஆகிறது, உடம்பில் எது உறுத்துகிறது, எது உறுத்தவில்லை என்று கவனியுங்கள். யார்மேல் காதல் வருகிறது என்பது தனிக் கேள்வி, அதை இதில் கலக்காதீர்கள். இப்படி யோசித்தவர்களில் சிலர் திருநம்பியாக வாழ்கிறார்கள். சிலர், 'நான் பெண்தான், ஆனால் நீங்கள் சொல்லும் மாதிரிப் பெண் இல்லை' என்ற இடத்துக்கு வந்து நிம்மதியாகிறார்கள். சிலர் கடைசிவரை இரண்டிலும் சேராமலே இருக்கிறார்கள். மூன்றாமவர் முடிவெடுக்கத் தெரியாதவர் அல்ல. அதுவும் ஒரு முடிவுதான்.

உங்கள் தோழி அன்பில் சொல்கிறாள். ஆனால் சொல்ல வேண்டியது அவள் இல்லை. 2014 ஏப்ரல் 15 அன்று, திருநர் உரிமை பற்றிய நால்சா வழக்கில் உச்ச நீதிமன்றம், ஒருவர் தன் பாலினத்தைத் தானே தீர்மானிக்கலாம், அதற்கு அறுவை சிகிச்சையை நிபந்தனையாக்கக் கூடாது என்று தீர்ப்பளித்தது. தீர்மானிக்கும் உரிமை உங்களுடையது என்றால், இன்னும் தீர்மானிக்காமல் இருக்கும் உரிமையும் உங்களுடையதுதான் என்றே நான் எடுத்துக்கொள்கிறேன்.

2021இல் சென்னை உயர் நீதிமன்றத்தில், ஒரு தன்பாலின ஜோடி பாதுகாப்பு கேட்டுத் தொடுத்த சுஷ்மா வழக்கை விசாரித்த நீதிபதி என். ஆனந்த் வெங்கடேஷ், தன்பாலின உறவு தனக்குச் சரியாகப் புரியவில்லை என்று வெளிப்படையாகச் சொல்லி, ஒரு உளவியல் நிபுணரிடம் அமர்ந்து கற்றுக்கொண்ட பிறகே உத்தரவு எழுதினார். ஒரு நீதிபதிக்கே அவகாசம் தேவைப்பட்டது. ஹாஸ்டல் அறையில் தனியாக இருந்து யோசிக்கும் உங்களுக்கு வேண்டாமா?

அந்த வழக்கின் உத்தரவு ஒருவேளை உங்களுக்கே உதவலாம். பாலின அடையாளத்தை 'சரிசெய்கிறேன்' என்று யாரும் சிகிச்சை செய்யக் கூடாது என்று அது தடுத்தது. தேசிய மருத்துவ ஆணையமும் 2022இல் அதைத் தொழில் ஒழுங்கு மீறல் என்று அறிவித்தது. ஆகவே மாத்திரையோ மந்திரிப்போ இதை மாற்றிவிடும் என்று யாராவது அழைத்தால் போகாதீர்கள். இது நோயே இல்லை. 2022இல் நடைமுறைக்கு வந்த உலக சுகாதார நிறுவனத்தின் நோய்ப் பட்டியல், இதை மனநோய்ப் பிரிவிலிருந்து எடுத்துவிட்டது.

இப்போதைக்குத் திரும்ப முடிகிற காரியங்களை மட்டும் செய்து பாருங்கள். முடியைக் குறைத்துக்கொள்ளலாம். தோழியிடம் வேறொரு பெயரில் ஒரு மாதம் கூப்பிடச் சொல்லலாம். மனதுக்கு எப்படி இருக்கிறது என்று எழுதி வையுங்கள். மார்பைத் தட்டையாக்க கிரேப் பேண்டேஜ் சுற்றிக்கொண்டு ஷிஃப்டுக்குப் போகவே கூடாது. கம்பெனிச் சூட்டில் மூச்சு முட்டும், விலா எலும்பு வலிக்கும். டெஸ்டோஸ்டிரோன் ஊசியை நீங்களாகவே வாங்கிப் போட்டுக்கொள்வதும் கூடாது. உடைந்து கனத்த குரல் ஊசியை நிறுத்தினாலும் பழையபடி ஆகாது. ஊசி போடும் எண்ணம் வந்தால் சென்னை ராஜீவ் காந்தி அரசு பொது மருத்துவமனையில் இதற்கென உள்ள சிகிச்சைப் பிரிவுக்குப் போங்கள். பேச மட்டும் ஆள் வேண்டுமென்றால் மனநல உதவி எண் 14416, டெலி மனாஸ், கட்டணம் இல்லை, தமிழிலேயே பேசலாம்.

இனி தை. வீட்டில் பாலினம் பற்றி இப்போது வாய் திறக்க வேண்டிய அவசியம் இல்லை. பாதி தெளிவோடு சொன்னால், மீதிப் பாதியை அவர்கள் பயமே நிரப்பிவிடும். "எனக்கு இப்போது கல்யாணம் வேண்டாம்" என்று மட்டும் சொல்லுங்கள், எத்தனை தடவை கேட்டாலும் அதையே சொல்லுங்கள். பொய்க் காரணம் சொல்லாதீர்கள், காரணம் தீர்ந்ததும் பேச்சு திரும்ப வரும். பெண் பார்க்கும் நாளில் ஊரில் இருக்காதீர்கள். அம்மாவைவிட அத்தையோ சித்தியோ காது கொடுப்பார் என்றால் அவரிடம் முதலில் பேசுங்கள். சட்டப்படி உங்கள் சம்மதம் இல்லாமல் யாரும் தாலி கட்ட முடியாது. வற்புறுத்தல் அடி உதை வரை போனால் பெண்கள் உதவி எண் 181க்கு அழையுங்கள். ஆதார், சர்டிபிகேட், பாஸ்புக் மூன்றும் ஊரில் இருந்தால், அடுத்த தடவை போகும்போது ஹாஸ்டலுக்கு எடுத்து வந்துவிடுங்கள்.