யாருக்குப் பதிலாக நின்றார்கள்?

அன்புள்ள கதிருக்கு,

உன் கட்டுரை கிடைத்தது. பின்லாந்தைச் சோவியத் யூனியன் தாக்கிய குளிர்காலப் போரின் கதையை ஒழுங்காகவே சொல்லியிருக்கிறாய். ஆனால் ஒரு வரி இரண்டு நாளாக என்னை உறுத்துகிறது: 'சுவீடனிலிருந்து போன எட்டாயிரம் பேர் பெரிய சண்டை எதுவும் போடவில்லை, ஆகவே பயனில்லை.' சுட்ட குண்டுகளைத்தான் நீ எண்ணியிருக்கிறாய்.

வரைபடத்தை விரி. வடக்கே சல்லா. தெற்கே, அறுநூறு கிலோமீட்டருக்கு அப்பால், கரேலியப் பூசந்தி. 1940 பிப்ரவரியில் பூசந்தியின் அரணைச் சோவியத் படை உடைத்துவிட்டது. அங்கே அனுப்ப பின்லாந்திடம் ஆளில்லை. மாத இறுதியில் சல்லா முனையைச் சுவீடன்காரர்கள் ஏற்றுக்கொண்டார்கள். அதுவரை அங்கே நின்ற பின்லாந்துப் பட்டாலியன்கள் தெற்கே போயின. பயன் என்றால் இதுதான். அது காவல் மட்டும் என்றும் நினைக்காதே. அவர்களுடைய ஒரு பிரிவின் தளபதி மாக்னுஸ் டிர்சென் மார்ச் 1 அன்று அந்த முனையிலேயே உயிர்விட்டார்.

போன வருஷம் ஆஸ்பத்திரியில் உன் தாத்தா பக்கத்தில் இரவெல்லாம் விழித்திருந்தாயே, அன்றுதான் உன் அம்மா தூங்கினாள். நீ மருந்து கொடுக்கவில்லை என்பதற்காக அதை வீண் என்போமா?

வானத்திலும் இதே கணக்குதான். வட பின்லாந்தின் கெமி அருகே உறைந்த கடலே சுவீடன் விமானிகளின் ஓடுதளம். சக்கரம் இருக்கவேண்டிய இடத்தில் சறுக்குக் கட்டை மாட்டிய 12 கிளாடியேட்டர் சண்டை விமானங்கள், 4 ஹார்ட் குண்டுவீச்சு விமானங்கள். முதல் தாக்குதல் நாளான ஜனவரி 12 அன்றே மூன்று ஹார்ட் போயின. இரண்டு ஒன்றோடொன்று மோதின, ஒன்று சுடப்பட்டது. அப்படியும் வடக்கின் வான்காவலை அவர்கள் விடவில்லை.

கல்லூரி நாட்களில், ஸ்பெயின் போரில் தொண்டராக நின்ற ஆர்வெல் எழுதிய நூலைப் படித்தேன். அரகான் முனையில் அவருக்கு எதிரியைவிட விறகுதான் பெரிய கவலை. போரில் பெரும்பகுதி காத்து நிற்பது என்று அன்று புரிந்தது.

சுவீடன்காரர்களை நீ 'கூலிப்படை' என்று எழுதிய இடத்தை அடித்துவிடு. அவர்கள் தாமாகப் போன தொண்டர்கள். சொல்லைச் சோதிக்காமல் எழுதாதே என்று எத்தனை முறை சொல்லியிருக்கிறேன்! 1907 ஹேக் உடன்படிக்கைப்படி, தனித்தனியாக எல்லை தாண்டிப் போகிறவர்களுக்கு நடுநிலை நாடு பொறுப்பல்ல. ஆனால் தன் மண்ணில் படை திரட்ட விடக்கூடாது. அதனால் சுவீடன் தன்னை நடுநிலை நாடு என்று சொல்லவில்லை, போரில் சேராத நாடு என்றது. அந்த ஒரு சொல் திறந்த வழியில்தான் தொண்டர்களும், ஒரு லட்சத்துக்கு மேற்பட்ட துப்பாக்கிகளும் போயின.

குறையையும் எழுது. பின்லாந்து கேட்டது சுவீடனின் முறையான ராணுவத்தை. பிரதமர் பெர் ஆல்பின் ஹான்சன் மறுத்தார். மார்ச் 13 அன்று போர் நின்றபோது, சமாதான உடன்படிக்கையால் வீபுரி நகரம் பின்லாந்தின் கைவிட்டுப் போனது. நாடு மட்டும் மிஞ்சியது.

திருத்தி அனுப்பு. அந்த வரி இருந்த இடத்தில் சல்லாவைக் குறித்து, அங்கிருந்து தெற்கு நோக்கி ஓர் அம்பு போடு.

அன்புடன்,
உன் ஆசிரியர்